காலனிக்கு வரும் மனை வேன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் வெள்ளை வேன் ஒன்று காலனி முனையில், அம்பேத்கர் சிலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. உள்ளே ஏ.சி. ஓடுகிறது. டை கட்டிய இளைஞர்கள் இருவர் இறங்கி வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கிறார்கள். "சைட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள், வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை, மதியம் பிரியாணி உண்டு" என்கிறார்கள். நோட்டீசில் பச்சைப் புல்வெளி, பெரிய வளைவு, பக்கத்தில் வரப்போகும் ரயில், வரப்போகும் தொழிற்பேட்டை, வரப்போகும் கல்லூரி. அடியில் தடித்த எழுத்தில்: மாதம் 5 ஆயிரம் மட்டுமே, மூன்றே ஆண்டில் இரட்டிப்பு.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு மனை விற்க யாரும் நம் காலனிக்குள் வந்ததில்லை. விற்கிறவர்கள் ஊர்த்தெருவோடு திரும்பிவிடுவார்கள். இப்போது வருகிறார்கள் என்றால் நம் மேல் திடீரென்று வந்த பாசம் காரணமில்லை. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்டு வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் மாதச் சம்பளம் அனுப்புகிறார்கள். பெண்கள் குழுவில் சேமிக்கிறார்கள். ஓய்வு பெற்ற துப்புரவுப் பணியாளருக்கு மொத்தமாக ஒரு தொகை கையில் வருகிறது. அந்தப் பணத்தின் வாசனை பிடித்துத்தான் வேன் வருகிறது. அதில் தவறு ஒன்றுமில்லை. விற்கிறவன் பணம் இருக்கும் இடத்துக்குத்தான் வருவான். ஆனால் வாங்கப் போகிற நாம் என்ன நினைத்துக்கொண்டு வேனில் ஏறுகிறோம் என்பதைப் பற்றி இன்று பேச வேண்டியிருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அப்பா கொத்தனார் வேலைக்குப் போகிறவர். மகள் கல்லூரியில் இரண்டாமாண்டு வரலாறு படிக்கிறாள். அப்பா இரண்டு ஆண்டுகளாக, மாதம் தவறாமல் 5 ஆயிரம் ரூபாய் கட்டிவந்தார். 24 தவணை, 1 லட்சத்து 20 ஆயிரம். கையில் இருப்பது மஞ்சள் நிறத்தில் ஒரு தவணை அட்டை. மாதா மாதம் ஒரு கையெழுத்து, ஒரு ரப்பர் முத்திரை. மகளின் கல்லூரிக் கட்டணம் ஒரு பருவத்துக்குத் தள்ளிப்போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் குடும்பத்தின் கதைக்குப் பிறகு வருவோம்.

மனை வாங்கும் ஆசையை நாம் கேலி செய்யவில்லை. மற்றவர்களுக்கு நிலம் ஒரு சொத்து. நமக்கு அது அதற்கும் மேலே. தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர்கள், "இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை என்னுடையது" என்று சொல்ல ஆசைப்படுவதை யார் குறை சொல்ல முடியும்? 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதியபோது, இவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட நிலம் வேண்டும் என்றுதான் சொன்னார். அதன் பின் 1892-ல் வந்த அரசாணைப்படி கொடுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம். சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அது இன்று யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த அம்பேத்கரே 1917-ல் பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்காமல் பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். பிறகு பம்பாய் தாதரில் ராஜகிருகம் என்ற வீட்டைக் கட்டிக்கொண்டார். அதில் பெரும்பகுதி அவருடைய புத்தகங்களுக்காக. அவர் அதை விற்று லாபம் பார்க்கக் கட்டவில்லை.

இந்த வேறுபாட்டைத்தான் வேன்காரர்கள் குழப்புகிறார்கள். காலூன்ற ஓர் இடம் வேண்டும் என்ற நம் தவிப்பை எடுத்துக்கொண்டு, அதற்கு "முதலீடு" என்று பெயர் வைத்துத் திருப்பி விற்கிறார்கள். சரி, முதலீடு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கணக்குப் போட வேண்டும் அல்லவா?

ஒரு மனை 1,200 சதுர அடி, அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் சென்ட். சதுர அடி 400 ரூபாய் என்று வைப்போம். விலை 4 லட்சத்து 80 ஆயிரம். பத்திரப் பதிவுக்கு முத்திரைத்தாள் கட்டணமும் சொத்து மாற்று வரியும் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். அது 43 ஆயிரத்து 200 ரூபாய். (பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும்; 2025 ஏப்ரலில் இருந்து நடைமுறை. அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ எழுத இது ஒரு நல்ல சாக்கு.) பத்திர எழுத்தர், பட்டா மாறுதல், அளப்பவர், போக்குவரத்து என்று கையை விட்டுப் போகும் சில்லறையை விட்டுவிடுவோம்.

கையில் 1 லட்சத்து 80 ஆயிரம் இருக்கிறது. மீதி 3 லட்சம் கடன். நமக்கு வங்கி அவ்வளவு எளிதில் மனைக் கடன் தருவதில்லை. நாம் போவது இரண்டு வட்டிக்கு. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கும். 3 லட்சத்துக்கு மாதம் 6 ஆயிரம், வருடத்துக்கு 72 ஆயிரம், மூன்று வருடத்துக்கு 2 லட்சத்து 16 ஆயிரம். அசல் அப்படியே நிற்கும். ஆக மூன்றாம் ஆண்டு முடிவில் அந்த மனைக்காக நம் கணக்கில் ஏறியிருப்பது 7 லட்சத்து 39 ஆயிரத்து 200 ரூபாய். சதுர அடி 616 ரூபாய்க்கு விற்றால்தான் போட்ட பணம் கைக்கு வரும். லாபம் என்ற பேச்சு அதற்கு மேல்தான். விலை நிஜமாகவே ஒன்றரை மடங்கு ஏறினால்கூட, அதாவது 600 ரூபாய் ஆனால்கூட, நமக்கு நஷ்டம். ஏறியது மனை, தேய்ந்தது நாம்.

மூன்று ஆண்டில் இரட்டிப்பு என்பது ஆண்டுக்கு 26 சதவீதம் கூட்டு வளர்ச்சி. அதை யாராலும் உறுதி கொடுக்க முடியாது. அஞ்சலகத்தின் கிசான் விகாஸ் பத்திரம் ஏழரை சதவீத வட்டியில் இரட்டிப்பாக 115 மாதம், ஒன்பதரை வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு அரசாங்கம் பொறுப்பு. வேனில் வந்தவர் எதற்குப் பொறுப்பு? மூன்று ஆண்டில் இரட்டிப்பாகும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால், இந்த வெயிலில் நம் காலனியில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருக்க மாட்டார்; கடன் வாங்கி அத்தனை மனையையும் அவரே வைத்துக்கொள்வார். இது நாம் சொன்னதில்லை. சைட்டுக்குப் போய்வந்த ஒரு பாட்டி சொன்னது.

இன்னொன்று. மனை மாதா மாதம் எதையும் தராது. மாடு வாங்கினால் பால் கறக்கும். தையல் இயந்திரம் வாங்கினால் ஜாக்கெட் தைக்கலாம். கடை வைத்தால் அன்றாடம் நாலு காசு. கல் நட்ட மனை, விற்கிற அன்றுவரை, சீமைக் கருவேலத்தைத்தான் வளர்க்கும். விற்கிற அன்றும் ஆள் கிடைக்க வேண்டும். கம்பெனிக்காரர் நமக்கு விற்ற விலைக்கே நம்மால் விற்க முடியாது என்பதுதான் முதன்முதலாக வாங்குகிறவர்கள் யாருக்கும் தெரியாத விஷயம். அவரிடம் வேன் இருக்கிறது, நோட்டீஸ் இருக்கிறது, கமிஷன் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அதே நகரில் விற்காத மனைகள் இன்னும் ஐம்பது இருக்கின்றன. அவற்றை விற்றுவிட்டுத்தான் உங்கள் மனைக்கு ஆள் வரும். அதுவும் விலையைக் குறைத்துக் கேட்கும்.

இதுவரை சொன்னது யாருக்கும் பொருந்தும். நமக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. சந்தைக்குச் சாதி தெரியாது என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். நம் மாவட்டத்தில் எந்தப் புரோக்கரிடமும் கேட்டுப் பாருங்கள். சென்ட் விலை சொல்லும் முன் அவர் சொல்வது, காலனி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான். காலனியை ஒட்டிய மனைக்கு ஒரு விலை, ஊரை ஒட்டிய மனைக்கு இன்னொரு விலை. அதே மண், அதே தார்ச்சாலை, அதே மின்கம்பம். நம்மிடம் விற்பது பெரும்பாலும் முதல் வகை. நாம் வாங்கிக் குடியேறிவிட்டால் அந்த வரிசைக்கே "அவங்க வாங்கின இடம்" என்று பெயர் வந்துவிடும். நாம் திருப்பி விற்கப் போகும்போது வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். இரண்டாவது வகை மனையைக் கேட்டால், "அது புக் ஆயிடுச்சு" என்று பதில் வரும். எதை வைத்து எழுதி ஆதாரம் காட்டுவது? வாய்ப்பேச்சுதான் எல்லாம். நோட்டீசில் போட்ட இரட்டிப்புக் கணக்கில் இந்தத் தள்ளுபடி சேர்ந்திருக்காது.

சுவரும் சேர்ந்திருக்காது. உத்தப்புரத்தில் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008-ல் இடித்தபோதுதான் நாடு முழுக்க அதைப் பற்றிப் பேசியது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை ஒரு தனியார் வீட்டு மதில் சரிந்து நம் மக்கள் 17 பேர் செத்தார்கள். புதிதாகக் கல் நடுகிற எந்த நகரிலும் காலனிப் பக்கம் மட்டும் மதில் உயரமாக எழும்புகிறதா என்று கவனியுங்கள். எழும்பினால், அந்த நகர் உங்களை எப்படி வைத்துக்கொள்ளப் போகிறது என்பதற்கு அதுவே பதில்.

ஆகவே எதிர்பார்ப்பை முதலில் தரையில் இறக்க வேண்டும். முதல் மனை உங்களைப் பணக்காரர் ஆக்காது. விலை ஏறலாம், பல ஆண்டு அப்படியே நிற்கலாம். திண்டிவனம் - திருவண்ணாமலை ரயில் பாதையைக் காட்டி நம் பக்கம் எத்தனை நகர்கள் விற்றுத் தீர்ந்தன! பாதை இன்னும் வந்த பாடில்லை. "வரப்போகிறது" என்று எழுதிய எதையும் விலையில் சேர்க்காதீர்கள். இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் விலை கொடுங்கள். இன்றைக்கு அங்கே வீடு கட்டிக் குடியிருக்க முடியுமா, தண்ணீர் இருக்கிறதா, மழையில் பாதை தெரியுமா, குழந்தை பள்ளிக்கு நடந்து போகுமா என்று கேட்டால் பாதி நோட்டீஸ்கள் அங்கேயே கிழிந்துவிடும். சைட் பார்க்க வேனில் போகாதீர்கள். ஐப்பசி மழையில், ஒரு வார நாளில், பஸ்ஸில் போய்ப் பாருங்கள்.

காகிதத்துக்கு வருவோம். இது கல்லூரிப் பிள்ளைகளுக்கு. அப்பா அம்மாவுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியும். கையில் செல்போனும் இருக்கிறது. சர்வே எண்ணை மட்டும் வாங்கிவிட்டால் பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு மூன்றையும் அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறைத் தளத்தில் கிடைக்கும். 13 ஆண்டுக்குப் போட்டுக் கொடுத்தால் போதும் என்பார்கள், கேட்காதீர்கள், முப்பது ஆண்டாவது பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து மனையாக விற்கிறவர், 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. மீறினால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம். நோட்டீசைத் திருப்பிப் பாருங்கள், எண் இருக்கிறதா என்று. புரோக்கரும் அதே சட்டத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். "அப்ரூவல் வந்துக்கிட்டே இருக்கு" என்று சொன்னால், வந்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு, அங்கீகாரம் பெறாத புதிய மனைகளைப் பத்திரம் பதிய முடியாது. அந்தத் தேதிக்கு முன்பே மனையாகப் பதிவானதை மறுபடி விற்கலாம், அது வேறு கதை.

தவணை விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். அதே சட்டத்தின் 13-ம் பிரிவு, விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பணம் வாங்க வேண்டுமென்றால் முதலில் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. மஞ்சள் அட்டை ஒப்பந்தம் ஆகாது. ரப்பர் முத்திரை பத்திரம் ஆகாது. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுத்தால் நாளைக்குக் காட்ட ஒரு தடயமாவது இருக்கும். "பவர் எழுதித் தருகிறோம், அதுவே போதும்" என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பொது அதிகார ஆவணத்தை வைத்துக்கொண்டு சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. ஏரி, வாய்க்கால், கோயில் நிலம், வக்பு நிலம் இவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை. 'அ' பதிவேட்டைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பெரும்பாலும் என்றுதான் சொன்னோம். எல்லாம் தெரியாது. கொத்தனாரின் மகள் கதை அங்கேதான் வருகிறது.

கட்டணம் கட்ட முடியாமல் அவள் நம்மிடம் வந்தபோது அட்டையையும் கொண்டுவந்தாள். அட்டையில் நகரின் பெயர், மனை எண், தவணை எல்லாம் இருந்தது. சர்வே எண் இல்லை. சைட்டுக்குப் போய், பக்கத்து நிலத்தில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டுத்தான் எண் கிடைத்தது. இணையத்தில் பார்த்தோம். பட்டா ஒரு தனிநபர் பெயரில், நன்றாகவே இருந்தது. புல எண், பரப்பு எல்லாம் சரி. அவள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். ஆனால் கடலை பிடுங்கிய பெரியவர் ஒருவர் வாய் தவறி ஒன்று சொல்லியிருந்தார்: "அது அந்தக் காலத்துல ஒங்க ஆளுங்க மானியம்தாம்மா."

இப்போது இணையத்தில் நாம் பார்ப்பதெல்லாம் 1979-லிருந்து 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு, யு.டி.ஆர். என்பார்களே அதற்கு, பிறகு எழுதிய கணக்கு. அப்போது பல ஊர்களில் பழைய பதிவேட்டில் டி.சி. நிபந்தனை நிலம் என்று இருந்தது புதிய பதிவேட்டில் வெறும் ரயத்துவாரி பட்டா என்று மாறிவிட்டது. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய செட்டில்மென்ட் 'அ' பதிவேட்டின் நகலை அந்தப் பெண்ணே கேட்டு எழுதினாள். முதல் முறை "பதிவேடு சிதிலமடைந்துள்ளது" என்று பதில். மேல்முறையீடு செய்த பிறகு நகல் வந்தது. அந்த சர்வே எண்ணுக்கு நேரே, குறிப்புப் பத்தியில், நிபந்தனை எழுதியிருந்தது.

பஞ்சமி நிலத்தின் நிபந்தனை நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்காக ஒருமுறை: முதல் பத்து ஆண்டு விற்கக் கூடாது, அதன் பின் விற்றாலும் நம் மக்களுக்குத்தான் விற்க வேண்டும், மீறி மற்றவர் வாங்கினால் அது செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த நிலம் இடையில் இரண்டு மூன்று கை மாறியிருக்கிறது. கடைசிக் கை கம்பெனி. அதைப் பற்றிக் கேட்டபோது அவர்கள் கொஞ்சமும் தயங்கவில்லை. "நீங்க எஸ்.சி. தானே சார், உங்க பேருக்கு எழுதினா ஒரு பிரச்சினையும் வராது. அதனாலதான் உங்க காலனிக்கே வந்தோம்" என்றார்கள்.

இதைக் கேட்டு நாம் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். தாத்தாவுக்கு இலவசமாகக் கொடுத்த நிலத்தை, அவரிடமிருந்து நெல்லுக்கும் கடனுக்கும் பிடுங்கி, பேரனிடம் சதுர அடி 400 ரூபாய்க்கு, மாதத் தவணையில் விற்கிறார்கள். அவன் சாதிச் சான்றிதழ்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு. மற்ற சாதிக்காரருக்கு விற்றால் செல்லாது என்பதால் தேடிப் பிடித்து நமக்கு விற்கிறார்கள். இதே நிலத்தை மீட்கத்தான் 1994-ல் கரணையில் மக்கள் இறங்கினார்கள். அந்த அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள். அவர்கள் கேட்டது மனைத் தவணை அட்டையை அல்ல.

வாங்குகிறவன் நம் ஆள்தானே, நிலம் நம்மிடமே திரும்பி வந்தால் என்ன கெட்டுவிட்டது என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமாகத் தோன்றும். ஆனால் விற்கிறவருக்கே செல்லுபடியாகும் உரிமை இல்லாதபோது நமக்கு எழுதிக்கொடுப்பது எதை? வெறும் காகிதத்துக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். மேலும், நாம் வாங்கிவிட்டால் பறித்தவன் பறித்ததற்கு ரசீது கொடுத்தவர்கள் ஆகிவிடுகிறோம். பஞ்சமி நிலத்தைக் கண்டால் வாங்குவது நம் வேலையில்லை. மீட்கச் சொல்லி ஆட்சியருக்கு மனு கொடுப்பதுதான் வேலை. தலித் ஒருவரின் நிலத்தில் அத்துமீறி நுழைவதும் அவரை அதிலிருந்து வெளியேற்றுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ம் பிரிவில் குற்றம் என்பதையும் மனுவில் சேர்த்து எழுதலாம்.

அப்படியானால் பணத்தை என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நம் யோசனை சுவாரசியமில்லாதது. கடன் இல்லாமல், கைக்காசில், அங்கீகாரம் பெற்ற மனையில், நாளைக்கே குடியேறும் இடத்தில் வாங்க முடிந்தால் வாங்குங்கள். விலை ஏறாவிட்டாலும் வாடகை மிச்சம், பிள்ளைக்கு ஒரு முகவரி. இரண்டு வட்டிக்கு வாங்கித்தான் மனை வாங்க முடியும் என்றால், வாங்க வேண்டாம். இரண்டு வட்டியை வெல்லும் மனை நம் பக்கம் இல்லை. வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் அதன் கட்டணம் போக மீதிதான் மனைக்கு. நகையை அடகு வைக்காதீர்கள். காலனியில் ஏற்கெனவே வீட்டுமனைப் பட்டா இருந்து அதில் ஓலைக் கொட்டகை நின்றால், நெடுஞ்சாலை ஓரத்து இரண்டே முக்கால் சென்டைவிட அந்தக் கொட்டகையை மாடி வீடாக்குவது மேல். கேட்க ஆளில்லாத தூரத்தில் கிடக்கும் மனையில், ஒரு வருடம் எட்டிப் பார்க்காவிட்டால், கல் இரண்டடி நகர்ந்திருக்கும். நகர்த்தியவரோடு சண்டை போட நாம் வேறு ஊர்க்காரர்.

விவசாய நிலம் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. தாட்கோவின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம். நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடி விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க, மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் வரை மானியம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் விலக்கு. நன்செய் என்றால் இரண்டரை ஏக்கர் வரை, புன்செய் என்றால் ஐந்து ஏக்கர் வரை. விற்கிறவர் நம் சமூகத்தவராக இருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. நிலம் நம்மிடையே சுற்றாமல் புதிதாக நம்மிடம் வர வேண்டும் என்பதற்காக. நல்ல நிபந்தனை. ஆனால் ஊரில் நமக்கு நிலம் விற்க முன்வருகிறவரைத் தேடிப் பிடிப்பதுதான் பெரிய பாடு. மாவட்ட மேலாளர் அலுவலகத்துக்கு நாலு முறை நடக்கவும் தயாராக இருக்க வேண்டும். நடக்கலாம், பிரியாணி கிடைக்காது, மூன்று ஆண்டில் இரட்டிப்பு ஆகாது, கடலை விளையும்.

கொத்தனார் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பாதியில் விட்டால் 40 சதவீதம் பிடித்துக்கொள்வோம் என்று அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது. ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம். பழைய பதிவேட்டு நகலை இணைத்து, மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் மனு கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. நிலத்தில் மஞ்சள் வர்ணம் அடித்த கற்கள் அப்படியே நிற்கின்றன. மகளின் கட்டணத்தைக் காலனிக்காரர்கள் சேர்ந்து கட்டிவிட்டார்கள்.

போன ஞாயிறும் வேன் வந்தது. அந்தப் பெண் போய் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, "சர்வே எண் சொல்லுங்கண்ணா" என்று கேட்டாள். "சைட்டுக்கு வாம்மா, அங்க சொல்றோம்" என்றார்கள். அவள் கதவை விடவில்லை. இங்கேயே சொல்லுங்கள் என்றாள். அன்றைக்கு வேனில் ஏற வந்த ஏழெட்டுப் பேரும் அவள் பக்கத்தில் நின்று பதிலுக்குக் காத்திருந்தார்கள்.